பெயர்ப் பட்டியலைக் காத்த சங்கம்



ஒரு மனிதனுடைய பெயர் அவன் வாழ்நாளில் எத்தனை ஏடுகளில் எழுதப்படுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறந்தவுடன் பிறப்புப் பத்திரத்தில் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் வருகைப் பதிவேட்டில் ஏறுகிறது. தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் செக்ரோலில் ஏறுகிறது. கடையில் பற்று வைத்தால் கடைக்காரருடைய கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. கோயில் நன்கொடைக்கு ஒரு நோட்டு, கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு நோட்டு, தொழிற்சங்கத்துக்கு ஒரு நோட்டு. எல்லா ஏட்டிலும் எழுதப்படுவது அதே பெயர்தான். ஆனால் ஏடு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தப் பெயருக்கு நன்மையும் வரலாம், தீமையும் வரலாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. செக்ரோலில் பெயர் இருந்தால் சம்பளம் உண்டு, வீடு உண்டு. அந்தப் பெயர் அடிக்கப்பட்டால் வேலையோடு வீடும் போகும் என்ற அச்சத்தோடு வாழ்ந்த தலைமுறைகள் நம்மிடையே உண்டு. ஆகவே, "உன் பெயரை எழுதிக்கொள்ளலாமா?" என்று யாராவது கேட்டால், "எதற்கு?" என்று திருப்பிக் கேட்பது நம் பெரியவர்களின் வழக்கமாக இருந்தது. அந்தக் கேள்வி அறியாமையால் வந்ததன்று. அனுபவத்தால் வந்தது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்க நாட்டு வரலாற்றில் ஒரு பகுதி. 1956ஆம் ஆண்டில், சம உரிமைக்காகப் பாடுபட்ட ஒரு சங்கத்திடம் ஒரு மாநில அரசாங்கம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. சங்கம் கொடுக்க மறுத்தது. மறுத்ததற்காக ஒரு லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த மாநிலத்தில் எட்டு ஆண்டுகள் சங்கம் இயங்கவே முடியாமல் போயிற்று. அப்படியும் அந்தப் பெயர்கள் வெளிவரவில்லை. வெறும் பெயர்ப் பட்டியலுக்காக ஒரு சங்கம் ஏன் இவ்வளவு இழப்பைத் தாங்கிக்கொண்டது? இதைத்தான் நாம் காணப் போகிறோம்.

அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் அடிமைத்தளை அறுந்ததும் சமத்துவம் வந்துவிடவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், பேருந்தில் தனி இருக்கை, உணவகத்தில் தனி வாசல் என்று எல்லாவற்றிலும் பிரிவினை வைத்தார்கள். வாக்குரிமை ஏட்டில் இருந்தது. நடைமுறையில் தட்டிப் பறிக்கப்பட்டது. 1908ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கறுப்பின மக்களுக்கு எதிராகப் பெருங்கலவரம் நடந்தது. அதைக் கண்டு மனம் வருந்திய கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றுகூடி, 1909ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் ஒரு சங்கத்துக்கு அடிகோலினார்கள். நிறமுடைய மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் என்பது அதன் பெயர். ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி என்.ஏ.ஏ.சி.பி. என்று அழைப்பார்கள். அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ், எழுத்தாளர் ஐடா பி. வெல்ஸ் முதலியோர் அதைத் தொடங்கியவர்களுள் அடங்குவர். நாம் இந்தப் பேச்சில் அதைத் தேசியச் சங்கம் என்றே குறிப்பிடுவோம்.

இந்தச் சங்கத்தின் வலிமை எங்கே இருந்தது? செல்வந்தர் சிலர் உதவினார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஊர்தோறும் கிளை அமைத்து, சாதாரண மக்களிடம் சந்தா வாங்கி வளர்ந்தது அது. சமையல்காரர், ஆசிரியை, பாதிரியார், முடிதிருத்துபவர், பருத்திக் காட்டில் உழைப்பவர் என்று எல்லாரும் சிறுசிறு தொகை கொடுத்தார்கள். சந்தா வாங்கினால் ரசீது கொடுக்க வேண்டும். ரசீது கொடுத்தால் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்றாலும் முகவரி வேண்டும். இப்படித்தான் எந்தச் சங்கத்திலும் பட்டியல் உருவாகிறது. அலபாமா மாநிலத்தில் 1918ஆம் ஆண்டு முதலே இதன் கிளைகள் இருந்தன. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக அந்தப் பட்டியலை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

நிலைமை மாறியது 1954ஆம் ஆண்டில். அவ்வாண்டு மே 17ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொதுப் பள்ளிக்கூடங்களில் இனத்தின் பேரால் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கை நடத்தியவர்கள் தேசியச் சங்கத்தைச் சேர்ந்த வழக்கறிஞர்கள். தென் மாநிலங்களில் பிரிவினையை விரும்பியவர்கள் கொதித்தெழுந்தார்கள். மிசிசிப்பி மாநிலத்தில் 1954 ஜூலையில் வெள்ளையர் குடிமக்கள் மன்றம் ஒன்று தோன்றியது. விரைவிலேயே அது மற்ற மாநிலங்களுக்கும் பரவிற்று. இந்த மன்றத்தில் சேர்ந்தவர்கள் வங்கிக்காரர், கடை முதலாளி, நிலச்சுவான்தார், ஊர்ப் பிரமுகர். அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் பணம். வேலையை நிறுத்துவது, கடனைத் திருப்பிக் கேட்பது, கடையில் சாமான் கொடுக்க மறுப்பது, குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்வது ஆகியவை அவர்கள் கையாண்ட முறைகள்.

இந்த ஆயுதம் பாய வேண்டுமானால் ஒன்று தேவை. யார் மீது பாய்வது என்று தெரிய வேண்டும். அதாவது, பெயர் வேண்டும்.

மிசிசிப்பி மாநிலத்து யாசூ நகரில் நடந்ததைப் பாருங்கள். 1955ஆம் ஆண்டு ஆகஸ்டில், தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் பிரிவினையை நீக்க வேண்டும் என்று அந்த ஊர்க் கறுப்பினப் பெற்றோர் 53 பேர் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்கள். வெள்ளையர் மன்றம் அவர்களுடைய பெயர்களைத் திரட்டி, உள்ளூர் பத்திரிகையில் விளம்பரமாக வெளியிட்டது. விளம்பரத்தில் மிரட்டல் எதுவும் இல்லை. பெயர்கள் மட்டுமே இருந்தன. அதுவே போதுமானதாக இருந்தது. ஒருவர் பின் ஒருவராக வேலை இழந்தார்கள். தொழில் செய்தவர்களுக்கு வாடிக்கை போயிற்று. கடைக்காரர்கள் சாமான் விற்க மறுத்தார்கள். பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர்களுக்கும் பழைய வேலை கிடைக்கவில்லை. ஏறக்குறைய எல்லாருமே பெயரை விலக்கிக்கொண்டார்கள். பலர் ஊரைவிட்டே போனார்கள்.

தென் கரோலைனா மாநிலத்தில் இன்னொரு வகையாக நடந்தது. 1956ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அரசாங்க ஊழியர் யாரும் தேசியச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கக்கூடாது என்றது அந்தச் சட்டம். சார்ல்ஸ்டன் நகரில் செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை இருந்தார். நாற்பது ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அவர் தம் உறுப்பினர் பதவியை மறைக்கவும் இல்லை, விடவும் இல்லை. வேலை போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. அவருக்கு அப்போது வயது 58. பின்னர் அவர் படிப்பறிவில்லாத பெரியவர்களுக்கு வாக்குப் பதிவுக்குத் தேவையான எழுத்தறிவைக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளை வளர்த்து, பெரும்புகழ் பெற்றார். இருபது ஆண்டுகள் சென்று, 1976ஆம் ஆண்டில், அவருடைய ஓய்வூதியம் மீட்டளிக்கப்பட்டது. செப்டிமா கிளார்க் துணிந்து நின்றவர். ஆனால் எல்லாராலும் அப்படி நிற்க முடியுமா? பாலுக்கு அழும் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவரிடம் நாம் அதை எதிர்பார்க்கலாமா? துணிவு இல்லாதவர்களும் சேர்ந்திருக்கக்கூடிய சங்கமே எளியவர்களின் சங்கம்.

இனி அலபாமாவுக்கு வருவோம். அந்த மாநிலத்தின் தலைநகரான மாண்ட்கொமெரியில், 1955 டிசம்பர் 1ஆம் நாள், ரோசா பார்க்ஸ் என்ற தையல்காரப் பெண்மணி பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைது செய்யப்பட்டார். அவர் தேசியச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் செயலாளராக இருந்தவர். அதைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் ஓராண்டுக்கு மேல் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனார்கள். ரோசா பார்க்ஸின் பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர். 1956 ஜனவரியில் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 1956 ஜூன் 1ஆம் நாள், அலபாமாவின் சட்டத்துறைத் தலைவர் ஜான் பேட்டர்சன் நீதிமன்றத்துக்குச் சென்றார். தேசியச் சங்கம் நியூயார்க்கில் பதிவு பெற்றது, வெளி மாநிலத்து நிறுவனம் அலபாமாவில் இயங்க வேண்டுமானால் இங்கே பதிய வேண்டும், இவர்கள் பதியவில்லை, ஆகவே இவர்களை வெளியேற்ற வேண்டும் என்பது அவருடைய வழக்கு. சங்கத்தின் தரப்பைக் கேட்பதற்கு முன்பே அதன் பணிகளை நிறுத்தி வைக்கும்படி நீதிபதி உத்தரவிட்டார். பிறகு மாநில அரசாங்கம் சங்கத்தின் ஆவணங்களைக் கேட்டது. வங்கிக் கணக்கு, குத்தகைப் பத்திரம், கடிதங்கள் ஆகியவற்றோடு, அலபாமாவில் உள்ள எல்லா உறுப்பினர்களின் பெயரும் முகவரியும் வேண்டும் என்றது.

சங்கம் என்ன செய்தது என்பதை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒளித்துவைக்கவில்லை. பதிவு செய்துகொள்ள ஆயத்தம் என்றது. அதற்குரிய படிவங்களையும் நிரப்பிக் கொண்டுவந்தது. கேட்ட ஆவணங்களை ஏறக்குறைய முழுமையாகக் கொடுத்தது. தலைவர்கள், நிருவாகிகள், சம்பளம் வாங்கும் ஊழியர்கள் யார் யார் என்பதையும் தெரிவித்தது. கொடுக்க மறுத்தது ஒன்றை மட்டும்தான்: சாதாரண உறுப்பினர்களின் பெயரும் முகவரியும்.

நீதிபதி முதலில் பத்தாயிரம் டாலர் அபராதம் விதித்தார். ஐந்து நாளுக்குள் பட்டியல் வராவிட்டால் அபராதம் ஒரு லட்சம் டாலர் ஆகும் என்றார். ஐந்து நாள் கழிந்தது, பட்டியல் வரவில்லை, அபராதம் ஒரு லட்சம் ஆயிற்று. சந்தாப் பணத்தில் இயங்கிய ஒரு சங்கத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை. அபராதமும் பட்டியலும் தராசின் இரண்டு தட்டுகளில் இருந்தன. சங்கத்தார் பட்டியலின் பக்கம் நின்றார்கள். அந்தப் பெயர்கள் தங்களுக்குச் சொந்தமல்ல என்று அவர்கள் கருதினார்கள். உறுப்பினர் ஒருவர் சந்தா கொடுத்தபோது, சங்கத்தின் காரியத்துக்காகத்தான் பெயரைக் கொடுத்தார். வேறு காரியத்துக்காக அதை வேறொருவரிடம் எடுத்துக்கொடுக்கும் உரிமை சங்கத்துக்கு இல்லை. ஒருவர் தம் நகையை நம்மிடம் பாதுகாக்கக் கொடுத்தால், நம் கடனுக்கு அதை ஈடு வைக்கலாமா?

இந்த அச்சம் வீண் அச்சமன்று என்பதை லூசியானா மாநிலம் காட்டிற்று. அங்கே 1924ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியிருந்தார்கள். கறுப்பினத்தவரையும் மற்றவர்களையும் கொடுமைப்படுத்திய கூ கிளக்ஸ் கிளான் என்ற முகமூடிக் கூட்டத்தின் உறுப்பினர்களை வெளிக்கொணர்வதற்காக வந்த சட்டம் அது. 1956ஆம் ஆண்டில் அதே சட்டத்தைத் தேசியச் சங்கத்தின் மீது ஏவினார்கள். சில கிளைகள் பெயர்களைத் தாக்கல் செய்தன. பெயர் வெளியானவர்களுள் சிலருக்குப் பழிவாங்கல் நேர்ந்தது என்பது பின்னர் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டப்பட்டது.

அலபாமா வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1958 ஜனவரியில் விசாரணை நடந்தது. சங்கத்துக்காக ராபர்ட் எல். கார்ட்டர் என்ற கறுப்பின வழக்கறிஞர் வாதாடினார். 1958 ஜூன் 30ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் எழுதிய அந்தத் தீர்ப்பில் எல்லா நீதிபதிகளும் ஒருமித்திருந்தார்கள். பட்டியலைக் கொடுக்க வேண்டியதில்லை. அபராதமும் செல்லாது என்பது முடிவு.

அந்தத் தீர்ப்பில் அடங்கிய காரணங்கள் மூன்றை நாம் எளிய முறையில் சொல்லிப் பார்க்கலாம்.

முதலாவது, மக்கள் ஒன்றுகூடுவது அவர்களுடைய உரிமை. ஆட்சியிலிருப்போருக்குப் பிடிக்காத கருத்துடையவர்கள் ஒன்றுகூட வேண்டுமானால், யார் யார் கூடினார்கள் என்பது வெளியே தெரியாமல் இருப்பதும் சில வேளைகளில் தேவைப்படுகிறது. கடந்த காலத்தில் பெயர் வெளியான உறுப்பினர்களுக்கு வேலை போயிற்று, மிரட்டல் வந்தது, ஊராரின் பகை வந்தது என்பதைச் சங்கம் ஐயமற எடுத்துக்காட்டியிருக்கிறது என்று நீதிமன்றம் கூறிற்று.

இரண்டாவது, வேலையை விட்டு நீக்குபவர் தனியார் முதலாளி அல்லவா, அதற்கு அரசாங்கம் எப்படிப் பொறுப்பாகும் என்று அலபாமா வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசாங்கம் பெயரை வெளியே இழுத்ததால்தானே முதலாளிக்கு அது தெரியவருகிறது? ஆகவே விளைவில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு என்றது.

மூன்றாவது காரணம் நமக்கு மிகவும் பயன்படக்கூடியது. நீங்கள் அறிய விரும்புவது என்ன? சங்கம் பதிவுச் சட்டத்தை மீறியதா என்பதைத்தானே? அதை அறிவதற்குச் சாதாரண உறுப்பினரின் பெயர் எதற்கு? இப்படிக் கேட்டது நீதிமன்றம். கேட்கும் காரணம் ஒன்று, கேட்கும் பொருள் வேறொன்று. இரண்டுக்கும் தக்க தொடர்பு இல்லையானால் கேட்பது முறையன்று.

இங்கே நேயர்களுக்கு ஓர் ஐயம் தோன்றலாம். அப்படியானால் தீய கூட்டங்களும் இதையே சொல்லி ஒளிந்துகொள்ளாவா? இது நல்ல கேள்வி. நியூயார்க் மாநிலம் முன்பு கூ கிளக்ஸ் கிளானின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டபோது, கேட்டது சரியே என்று இதே உச்ச நீதிமன்றம் 1928ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருந்தது. அலபாமா அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டியது. ஹார்லன் வேறுபாட்டை விளக்கினார். கிளான், சட்டவிரோதமான மிரட்டலிலும் வன்முறையிலும் ஈடுபட்ட கூட்டம்; அரசாங்கம் கேட்ட எதையுமே கொடுக்காத கூட்டம். தேசியச் சங்கமோ தன் தலைவர்களையும் கணக்குகளையும் திறந்து காட்டிவிட்டு, எளிய உறுப்பினரை மட்டும் காத்து நின்றது. இந்த வேறுபாடு முக்கியமானது. பொறுப்பில் இருப்பவர் வெளிச்சத்தில் நிற்க வேண்டும்; பொறுப்பை நம்பி வந்தவருக்கு நிழல் வேண்டும். இதைத் தலைகீழாக்கி, தலைவர் மறைந்துகொண்டு உறுப்பினரைக் காட்டிக்கொடுக்கும் சங்கம் சங்கமாகாது.

தீர்ப்பு வந்தவுடன் தடை நீங்கியதா என்றால், இல்லை. அலபாமா நீதிமன்றங்கள் ஒவ்வொரு காரணமாகச் சொல்லி இழுத்தடித்தன. அந்த வழக்கு நான்கு முறை உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. கடைசித் தீர்ப்பு 1964 ஜூன் 1ஆம் நாள் வந்தது. வழக்குத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் சரியாக எட்டு ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் பர்மிங்காம் நகரத்துப் பாதிரியார் ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த் 1956 ஜூனிலேயே வேறொரு பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கிப் பணியைத் தொடர்ந்தார். அவருடைய பெயர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று அவர் வீட்டில் குண்டு வைத்தார்கள். உயிர் தப்பினார். பெயர் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மற்ற மாநிலங்களிலும் இதே போராட்டம் நடந்தது. அர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில் டெய்சி பேட்ஸ் என்ற பெண்மணி சங்கத்தின் தலைவியாக இருந்தார். 1957ஆம் ஆண்டில் வெள்ளையர் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகச் சேர்ந்த ஒன்பது கறுப்பின மாணவர்களுக்குத் துணை நின்றவர் அவர். நகராட்சி, சங்கத்தின் உறுப்பினரும் நன்கொடையாளரும் யார் என்று கேட்டது. வரவு செலவுக் கணக்கைக் கொடுத்தார், பெயர்களைக் கொடுக்கவில்லை. அவருக்கும், பக்கத்து நகரத்துக் கிளையில் பதிவேடுகளை வைத்திருந்த இன்னொரு பெண்மணிக்கும் அபராதம் விதித்தார்கள். 1960 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிற்று. ஆனால் டெய்சி பேட்ஸும் அவர் கணவரும் நடத்திவந்த வாரப் பத்திரிகை, விளம்பரதாரர்கள் விலகியதால் 1959ஆம் ஆண்டிலேயே நின்றுபோயிற்று. தம் பெயருக்குரிய விலையை அவர் தாமே கொடுத்தார். மற்றவர் பெயருக்கு விலை கொடுக்க அவர் இடந்தரவில்லை.

அதே மாநிலத்தில் 1958ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. ஆசிரியர் ஒவ்வொருவரும் கடந்த ஐந்தாண்டுகளில் தாம் சேர்ந்த, நன்கொடை கொடுத்த எல்லாச் சங்கங்களையும் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றது. ஆசிரியரின் தகுதியை அறிய அரசாங்கத்துக்கு உரிமை உண்டு. ஆனால் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கேட்பது அளவு மீறியது என்று 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம்.

புளோரிடாவில் மயாமி கிளையின் தலைவர் பாதிரியார் தியோடர் கிப்சன். சட்டமன்றக் குழு ஒன்று அவரை 1959ஆம் ஆண்டில் அழைத்து, உறுப்பினர் பட்டியலோடு வரும்படி கட்டளையிட்டது. அவர் வந்தார், பட்டியலைக் கொண்டுவரவில்லை. "எனக்குத் தெரிந்ததைக் கேளுங்கள், நினைவிலிருந்து பதில் சொல்கிறேன், ஏட்டைத் தரமாட்டேன்" என்ற நிலையில் உறுதியாக நின்றார். ஆறு மாதச் சிறையும் 1,200 டாலர் அபராதமும் விதித்தார்கள். 1963 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கிற்று. அங்கும் ஐந்துக்கு நான்கு என்ற அளவில்தான் வெற்றி.

நேயர்களே, இதுவரை மக்கள் தாமாக விரும்பிக் கொடுத்த பெயர்களின் வரலாற்றைக் கண்டோம். மக்களுக்குத் தெரியாமல் எழுதப்பட்ட பெயர்களின் வரலாறும் உண்டு. மிசிசிப்பி மாநிலம் 1956ஆம் ஆண்டில் மாநில இறையாண்மை ஆணையம் என்ற ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. சம உரிமை கேட்பவர்களை வேவு பார்ப்பது அதன் வேலை. யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார், எந்தக் காரில் போனார், யாரோடு பேசினார், யாரிடம் வேலை பார்க்கிறார் என்பவற்றையெல்லாம் எழுதி வைத்தார்கள். 1964ஆம் ஆண்டில் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட சம உரிமைத் தொண்டர் மூவர் பயன்படுத்திய காரின் எண்ணை இந்த ஆணையம் முன்னதாகவே காவல் அதிகாரிகளுக்கு அனுப்பியிருந்தது. அந்தக் கொலையில் உடந்தையாக இருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் அந்த வட்டாரத்துக் காவல் தலைவரும் ஒருவர். ஒரு கார் எண், ஒரு துண்டுக் காகிதம். அதுகூட ஆபத்தாக முடியலாம் என்பதை இது நமக்குச் சொல்கிறது.

அந்த ஆணையம் 1977ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. அதன் கோப்புகளை 2027ஆம் ஆண்டு வரை திறக்கக்கூடாது என்று மாநிலச் சட்டமன்றம் பூட்டி வைத்தது. வழக்குப் போட்டுத்தான் 1998 மார்ச்சில் அவற்றைத் திறக்க முடிந்தது. உள்ளே ஏறக்குறைய 87,000 பேருடைய பெயர்கள் இருந்தன. திறப்பதற்கு முன் ஒரு பெரிய விவாதம் எழுந்தது. அரசாங்கம் செய்த அநியாயம் முழுவதும் வெளிவர வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். வேவுகாரர்கள் ஒருவருடைய குடும்ப வாழ்வைப் பற்றி எழுதிய பொய்யும் புரட்டும் வெளியே போனால், துன்பப்பட்டவரே மறுபடியும் துன்பப்படுவார் என்றார்கள் மற்றொரு சாரார். இரு சாராரும் சம உரிமைக்காகப் பாடுபட்டவர்கள்தாம். முடிவில் நீதிமன்றம், கோப்புகளைத் திறக்கச் சொன்னதோடு, வேவு பார்க்கப்பட்டவர்கள் முன்கூட்டியே தம் கோப்பைப் பார்க்கவும், தம் பெயரை மறைக்கும்படி கேட்கவும் வாய்ப்பளித்தது. பத்திரிகைகளில் அறிவிப்பும் செய்தார்கள். பெயருக்கு உரியவரைக் கேட்டு நடப்பது என்ற நெறி அங்கே ஓரளவுக்கேனும் நிலைநாட்டப்பட்டது.

இந்தப் போராட்டங்களில் சாதாரண மக்கள் கற்றுக்கொண்ட நெறிகள் பிற்காலத்தில் சட்டங்களில் இடம்பெற்றன. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், தொழிற்சங்க உறுப்பினர் நிலை ஆகியவற்றைத் தனிப் பாதுகாப்புக்குரிய தகவல்கள் என்கிறது. ஒரு தொழிற்சங்கமோ சமய அமைப்போ தன் உறுப்பினரின் தகவலைத் தன் பணிக்காக வைத்திருக்கலாம்; ஆனால் அவருடைய சம்மதமின்றி வெளியாருக்குக் கொடுக்கக்கூடாது என்கிறது. 1956ஆம் ஆண்டில் அலபாமா நீதிமன்றத்தில் தேசியச் சங்கம் பிடித்து நின்ற நிலையும் இதற்கு நெருக்கமானதே.

நம் மலேசியாவிலும் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 2013 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். சொன்ன காரியத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். பத்திரமாக வைக்க வேண்டும். தேவை முடிந்தபின் வைத்திருக்கக்கூடாது. நமது தகவலைப் பார்க்கவும் திருத்தவும் நமக்கு உரிமை உண்டு. 2024ஆம் ஆண்டில் செய்த திருத்தம், கைரேகை போன்ற உடல் அடையாளங்களையும் தனிக் கவனத்துக்குரிய தகவலில் சேர்த்தது; தகவல் கசிந்தால் தெரிவிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. ஆனால் இந்தச் சட்டம் வணிகத் தொடர்புடைய காரியங்களுக்கே பொருந்தும். மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனிகளோடு சங்கங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது.

சட்டம் எட்டும் இடம் உண்டு, எட்டாத இடமும் உண்டு. எட்டாத இடத்தில் சங்கத்தின் நேர்மைதான் காவல். நம் ஊர்களில் கோயில் நிருவாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், இளைஞர் மன்றம், மாதர் சங்கம் என்று எத்தனையோ அமைப்புகள் இருக்கின்றன. உதவித் தொகைக்கு விண்ணப்பம் வாங்குகிறோம். அடையாளக் கார்டின் நகலை வாங்குகிறோம். சம்பளச் சீட்டை வாங்குகிறோம். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் என்ன தொல்லை என்பதையும் எழுதிக்கொள்கிறோம். பிறகு அந்தக் காகிதங்கள் எங்கே போகின்றன? பூட்டிய அலமாரியிலா? பழைய பேப்பர் கடையிலா? இக்காலத்தில் ஒருவருடைய விண்ணப்பத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்புவது ஒரு நொடி வேலையாகிவிட்டது. அனுப்பியவருக்கு அது ஒரு படம். படத்தில் இருப்பவருக்கு அது மானப் பிரச்சினை.

ஆகவே பொறுப்பில் இருப்பவர்கள் சில காரியங்களை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். காரியத்துக்குத் தேவையானதை மட்டும் கேட்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்பதை எதிரில் இருப்பவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். ஏடு யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கூட்டத்தில் தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும். தேவை முடிந்த காகிதத்தைக் கிழித்து அழித்துவிட வேண்டும். வெளியார் யார் கேட்டாலும், உரியவரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. சட்டப்படி கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், எந்தச் சட்டம், எந்த அளவுக்கு என்று தெரிந்துகொண்டு, அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதே வேளையில், வரவு செலவுக் கணக்கையும் நிருவாகிகளின் பெயரையும் யார் கேட்டாலும் தயங்காமல் காட்ட வேண்டும்.

பெயரைக் கொடுப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "எதற்கு?" என்று கேட்க வெட்கப்படக்கூடாது. "யார் பார்ப்பார்கள்? எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்?" என்றும் கேட்கலாம். நல்ல சங்கம் அந்தக் கேள்விக்குக் கோபப்படாது. மகிழ்ச்சியோடு பதில் சொல்லும்.

அலபாமாவில் அன்று சந்தா கொடுத்த சமையல்காரப் பெண்மணியின் பெயர் நமக்குத் தெரியாது. பருத்திக் காட்டில் உழைத்தவரின் பெயரும் தெரியாது. இன்று நாம் இந்தப் பேச்சில் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட முடியவில்லை என்றால், அவர்களுடைய சங்கம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது என்று பொருள். அவர்கள் மறுநாளும் வேலைக்குப் போனார்கள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள்.  சம உரிமைப் போராட்டம் அவர்களால் நிலைத்தது.